மஞ்சள் விளக்குக்குப் பின்னாடி நெர்ன்ஸ்ட்

முதல் செமஸ்டர் கெமிஸ்ட்ரியில் எலக்ட்ரோகெமிஸ்ட்ரி யூனிட் ஞாபகம் இருக்கா? அதில் நெர்ன்ஸ்ட் சமன்பாடுன்னு ஒண்ணு வரும். நானும் எல்லாரையும் போல மனப்பாடம் பண்ணி எழுதி, மார்க் வாங்கி, அடுத்த வாரமே மறந்துட்டேன். அந்தப் பேருக்குப் பின்னாடி ஒரு மனுஷன் இருந்தார்னு நாலாவது வருஷம் வரைக்கும் யோசிச்சதே இல்லை. யோசிக்க வெச்சது ஒரு பழைய பிக்கப் வண்டி.

1990-களின் கடைசியில் அமெரிக்காவில் ஓடிக்கிட்டிருந்த மாதிரியான வி8 பெட்ரோல் பிக்கப்னு வெச்சுக்குங்க. டேஷ்போர்டில் மஞ்சள் கலரில் செக் எஞ்சின் விளக்கு எரியுது. அமெரிக்காவில் 1996 மாடலிலிருந்து எல்லா கார்களுக்கும் சின்ன டிரக்குகளுக்கும் ஓபிடி-2 கட்டாயம். அதனால் ஸ்டியரிங்குக்குக் கீழே 16 பின் இருக்கிற சாக்கெட்டில் ஸ்கேனரைச் செருகினால் போதும், கோடு வந்துவிடும். இந்த வண்டியில் வருவது பி0171, பி0174 ரெண்டும். எஞ்சினின் ரெண்டு பக்கமும் கலவை லீன், அதாவது காற்று அதிகம், பெட்ரோல் கம்மி.

உடனே நிறைய பேர் பண்ணும் காரியம், சைலன்சர் பைப்பில் இருக்கிற ஆக்ஸிஜன் சென்சரைக் கழட்டி எறிந்துவிட்டுப் புதுசு போடுவது. காசு போகும், ரெண்டு நாளில் விளக்கு திரும்ப எரியும். ஏன்னா சென்சர் கெட்டுப்போகலை, அது பார்த்ததைச் சொல்லியிருக்கு. அது எப்படிப் பார்க்குதுன்னு தோண்டினப்போதான் வால்ட்டர் நெர்ன்ஸ்ட் வந்து நின்றார். அதுவும் ஒரு இடத்தில் இல்லை, ரெண்டு இடத்தில். சென்சருக்குள் இருக்கிற செராமிக்கும் அவருடையது, அது தரும் வோல்டேஜுக்கான கணக்கும் அவருடையது. ரெண்டையும் அவர் கண்டுபிடித்தது வேற வேற காரணத்துக்காக. ரெண்டும் ஒரே பொருளுக்குள் சேர்ந்தபோது அவர் உயிரோடு இல்லை.

1864 ஜூன் 25-ல் பிரீசன் என்ற சின்ன ஊரில் பிறந்தார். அன்றைக்கு அது பிரஷ்யா, இன்றைக்குப் போலந்து. அப்பா நீதிபதி. பள்ளிக்கூட நாட்களில் நம்ம ஆளுக்குக் கவிஞர் ஆகணும்னுதான் ஆசையாம். நாடகப் பைத்தியம் கடைசி வரைக்கும் போகலை. சூரிச், பெர்லின், கிராஸ், வூர்ஸ்பர்க்னு நாலு பல்கலைக்கழகம் சுற்றினார். போல்ட்ஸ்மானிடம் படிக்கலாம்னு ஆஸ்திரியாவின் கிராஸுக்குப் போனவர், அங்கே எட்டிங்ஸ்ஹவுசனோடு சேர்ந்து 1886-ல் ஒரு விளைவைக் கண்டுபிடித்தார். காந்தப்புலத்தில் இருக்கிற உலோகத்தை ஒரு பக்கம் சூடாக்கினால் குறுக்கே வோல்டேஜ் வரும் என்கிற விஷயம் அது. வயசு 22. நாம அந்த வயசில் பிளேஸ்மென்ட் ஆப்டிட்யூட் போட்டுக்கிட்டிருப்போம்.

1887-ல் டாக்டர் பட்டம் முடிந்ததும் லைப்சிக்கில் ஆஸ்ட்வால்டின் உதவியாளர் வேலை கிடைத்தது. உப்பு தண்ணீரில் கரைந்தால் அயனிகளாகப் பிரியும்னு அர்ரீனியஸ் சொல்லிக்கிட்டிருந்ததைப் பழைய தலைமுறை வேதியியலாளர்கள் கேலி பண்ணின காலம் அது. ஆஸ்ட்வால்டின் கூடாரம்தான் அந்தப் புதுக் கருத்துக்குக் கோட்டை. அங்கே உட்கார்ந்து, பேட்டரிக்கு வோல்டேஜ் எங்கிருந்து வருகிறது என்கிற கேள்வியை நெர்ன்ஸ்ட் பிடித்துக்கொண்டார். 1889-ல் பதில் வந்தது. ஒரே பொருள் ரெண்டு பக்கமும் வேற வேற அடர்த்தியில் இருந்தால், அந்த வித்தியாசமே ஒரு மின்னழுத்தம். எவ்வளவு என்பது ரெண்டு அடர்த்திகளின் விகிதத்துக்கு லாகரிதம் எடுத்தால் தெரியும். நாம மனப்பாடம் பண்ணின ஃபார்முலா இதுதான். எழுதினபோது அவருக்கு 25.

அடுத்து கோட்டிங்கன். 1892-ல் அந்த ஊர் மருத்துவர் ஒருவரின் மகள் எம்மாவைக் கல்யாணம் செய்தார். மூணு பெண்கள், ரெண்டு பையன்கள். பேராசிரியர் ஆனார், பாடப்புத்தகம் எழுதினார், தனக்கென ஒரு இன்ஸ்டிட்யூட் கட்டிக்கொண்டார். இதையெல்லாம் ஓடவிட்டு விளக்குக்கு வருகிறேன், ஏன்னா இங்கேதான் கதை சூடு பிடிக்கிறது. உண்மையாகவே சூடு.

1890-களில் மின்விளக்கு என்றால் எடிசன் வகை கார்பன் இழை பல்ப். வெளிச்சம் மங்கல், கரண்ட் அதிகம் குடிக்கும், உள்ளே வெற்றிடம் வேற வேணும். நெர்ன்ஸ்ட் வேற திசையில் யோசித்தார். சிர்கோனியாவோடு கொஞ்சம் யிட்ரியா கலந்து, சின்னக் குச்சியாகச் சுட்டு எடுத்தார். இந்தச் செராமிக் குளிர்ந்த நிலையில் மின்சாரத்தைக் கடத்தாது. நல்லா சூடாக்கினால் கடத்த ஆரம்பிக்கும். அதுவும் எலக்ட்ரானால் இல்லை, ஆக்ஸிஜன் அயனிகள் திடப்பொருளுக்கு உள்ளேயே நகர்ந்து கடத்தும். கரண்ட் போகப் போகத் தானே இன்னும் சூடாகி வெள்ளையாக ஜொலிக்கும். ஏற்கனவே ஆக்சைடு என்பதால் காற்றில் எரிந்து போகிற பயம் இல்லை, வெற்றிடமும் தேவையில்லை. கார்பன் பல்பைவிட ஏறத்தாழ ரெண்டு மடங்கு சிக்கனம்.

சிக்கல்களும் இருந்தன. ஸ்விட்ச் போட்டதும் எரியாது, முதலில் சூடேற்றணும். ஆரம்பத்தில் தீக்குச்சியோ ஸ்பிரிட் விளக்கோ பிடித்துக் காட்டவேண்டியிருந்தது. அப்புறம் பக்கத்திலேயே ஒரு ஹீட்டர் சுருள் வைத்து, எரிய ஆரம்பித்ததும் அது தானே கட் ஆகும்படி செய்தார்கள். இன்னொரு சிக்கல் நம்ம இஇஇ ஆட்களுக்குப் பிடிக்கும்: சூடாகச் சூடாக மின்தடை குறையும், அதனால் கரண்ட் ஏறும், அதனால் இன்னும் சூடாகும். கட்டுப்பாடில்லாமல் போய் உருகிவிடும். அதைத் தடுக்கத் தொடராக ஒரு இரும்புக் கம்பி பேலஸ்ட் போட்டார்கள். இரும்புக்குச் சூடானால் தடை ஏறும், கணக்கு சரியாகிவிடும்.

1897-ல் வந்த இந்த விளக்கின் காப்புரிமையை ஜெர்மனியின் ஏஇஜி நிறுவனத்துக்கு விற்றார். பத்து லட்சம் மார்க் என்று சொல்வார்கள். அந்தக் காலத்துப் பேராசிரியருக்கு நினைத்தே பார்க்க முடியாத பணம். ராயல்டி எல்லாம் வேண்டாம், மொத்தமாகக் கையில் கொடுங்கள் என்று அவர் நின்றது நல்ல புத்திசாலித்தனம். ஏன்னா விளக்கு ரொம்ப நாள் தாங்கலை. 1900 பாரிஸ் கண்காட்சியில் ஜொலித்தது, அமெரிக்காவில் வெஸ்டிங்ஹவுஸ் பிட்ஸ்பர்க்கில் தயாரித்தது, ஆனா பத்துப் பதினைந்து வருஷத்தில் டங்ஸ்டன் இழை பல்ப் வந்து எல்லாத்தையும் தூக்கிச் சாப்பிட்டது. இதில் ஒரு வேடிக்கை. டங்ஸ்டன் பல்புக்குள் வாயு அடைத்து அதை இன்னும் மேம்படுத்தியவர் ஜெனரல் எலக்ட்ரிக்கின் இர்விங் லாங்மியூர். அவர் 1906-ல் கோட்டிங்கனில் நெர்ன்ஸ்டிடம் டாக்டர் பட்டம் வாங்கியவர்தான். குருவின் விளக்கை சிஷ்யனின் விளக்கு அணைத்தது.

விளக்குப் பணத்தில் நெர்ன்ஸ்ட் கார் வாங்கினார். கோட்டிங்கனில் கார் என்பதே வேடிக்கைப் பொருளாக இருந்த காலம். வண்டி மேடு ஏறத் திணறினால் நைட்ரஸ் ஆக்ஸைடை எஞ்சினுக்குள் விட்டு ஏற்றுவார் என்று அவரைப் பற்றி ஒரு கதை உண்டு. இன்றைக்குப் படத்தில் சிவப்புப் பொத்தானை அமுக்கியதும் கார் பறக்குமே, அந்த வாயுதான். 1905-ல் பெர்லின் பல்கலைக்கழகம் கூப்பிட்டபோது குடும்பத்தோடு காரிலேயே கோட்டிங்கனிலிருந்து பெர்லினுக்குப் போனார். அன்றைய சாலையில், அன்றைய டயரில்.

பெர்லின் போன சூட்டோடு அவருடைய மிகப் பெரிய வேலை வந்தது. வெப்பநிலை சுழிக்கெல்வினை நெருங்கும்போது என்ட்ரோபி மாற்றம் பூஜ்ஜியத்தை நெருங்கும் என்பது. 1906-ல் அச்சில் வந்த இதைத்தான் தெர்மோடைனமிக்ஸின் மூன்றாம் விதி என்கிறோம். 1920-க்கான வேதியியல் நோபல் இதற்குத்தான். தெர்மோ பேப்பரில் இதைப் பற்றிப் போதுமான அளவு கஷ்டப்பட்டாச்சு, இங்கே விட்டுவிடலாம். ஒண்ணு மட்டும் சொல்லணும்: ஆட்களைச் சேர்ப்பதில் அவர் கெட்டிக்காரர். குவாண்டம் கொள்கையைப் பற்றிப் பேச 1911-ல் பிரஸ்ஸல்ஸில் நடந்த முதல் சால்வே மாநாடு அவர் முயற்சியில் நடந்தது. 1913-ல் பிளாங்கும் இவரும் சூரிச்சுக்கே போய் ஐன்ஸ்டைனைப் பெர்லினுக்கு இழுத்து வந்தார்கள். நம்ம மேக்நாத் சாகாவும் 1921-ல் இவருடைய பெர்லின் ஆய்வகத்தில் வேலை பார்த்திருக்கிறார்.

இதுவரை படிக்கும்போது ஜாலியான ஆள் என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. 1914-க்கு வந்தால் தொண்டை அடைக்கும்.

முதல் உலகப்போர் தொடங்கியபோது அவருக்கு 50 வயது. சேர வேண்டிய அவசியம் எதுவும் இல்லை. சொந்தக் காரோடு ராணுவத்தின் வாகனத் தொண்டர் படையில் டிரைவராகச் சேர்ந்தார். போவதற்கு முன்னால் வீட்டு வாசலில் மனைவி எம்மா அவருக்கு அணிவகுப்பும் சல்யூட்டும் பழக்கினார் என்று சொல்வார்கள். பாரிஸை நோக்கிப் போன படையோடு வண்டி ஓட்டினார். இது வரை சிரிக்கலாம். ஆனா அதே ஆண்டு, ஜெர்மனி செய்த எதையும் தவறில்லை என்று 93 அறிவாளிகள் போட்ட அறிக்கையில் இவர் கையெழுத்தும் இருந்தது. எதிரியின் கண்ணையும் மூக்கையும் எரியவைக்கும் பொடியை குண்டுக்குள் அடைக்கிற வேலையிலும் இறங்கினார். 1914 அக்டோபரில் நூவ் ஷப்பேல் என்ற இடத்தில் அதைச் சுட்டுப் பார்த்தார்கள். பெரிய விளைவு ஒன்றும் இல்லை. அதற்கப்புறம் அந்த வேலை ஹாபர் கைக்குப் போய், குளோரின் வந்தது, அது எல்லாருக்கும் தெரிந்த கொடுமை. நெர்ன்ஸ்டின் குண்டு சரியாக வேலை செய்யாததால் அவர் பேர் அந்தக் கதையில் பெரிதாக அடிபடவில்லை. அதை அவருடைய நல்ல குணமாகக் கணக்கு வைக்க எனக்கு மனசு வரலை.

அந்தப் போரில் அவருடைய ரெண்டு பையன்களும் செத்துப்போனார்கள். முதலில் மூத்தவன், அப்புறம் 1917-ல் இளையவன்.

அதற்குப் பிறகும் வேலை செய்தார். ஜெர்மனியின் தேசிய அளவியல் ஆய்வகத்துக்கு ரெண்டு வருஷம் தலைவர், அப்புறம் பெர்லினில் இயற்பியல் இன்ஸ்டிட்யூட் டைரக்டர். பெக்ஸ்டைன், சீமென்ஸ் கம்பெனிகளோடு சேர்ந்து 1930 வாக்கில் ஒரு எலக்ட்ரிக் பியானோகூடச் செய்தார். கம்பியின் அதிர்வை பிக்கப் காயில் பிடித்து ஸ்பீக்கரில் கேட்பது. இன்றைய எலக்ட்ரிக் கிடார் மாதிரி. (இந்தப் பிக்கப் வேற பிக்கப்.) அதுவும் விற்கலை.

1933-ல் ஹிட்லர் வந்தார். நெர்ன்ஸ்ட் யூதர் இல்லை, ஆனா மூணு மகள்களில் ரெண்டு பேர் யூதர்களைக் கல்யாணம் செய்திருந்தார்கள். ஒருத்தி லண்டனுக்கும் ஒருத்தி பிரேசிலுக்கும் போகவேண்டி வந்தது. அவர் தேடிச் சேர்த்த ஐன்ஸ்டைனும் நாட்டில் இல்லை. அந்த வருஷமே ஓய்வு பெற்று சிபெல்லே என்ற இடத்தில் இருந்த தன் பண்ணைக்குப் போய்விட்டார். அங்கே கெண்டை மீன் வளர்த்தார். ஒரு குளிர்காலத்தில் மாட்டுத் தொழுவத்துக்குள் போனபோது உள்ளே கதகதப்பாக இருந்ததாம். மாடுகளின் உடம்புச் சூடு என்று தெரிந்ததும், காசு போட்டுத் தீனி வாங்கி உலகத்தைச் சூடாக்குவதா என்று மாட்டை விற்றுவிட்டு, சுற்றியிருக்கும் தண்ணீரின் வெப்பநிலையிலேயே வாழும் மீனுக்கு மாறிவிட்டார் என்று கதை. 1941 நவம்பர் 18-ல் அங்கேயே இறந்தார். கல்லறை கோட்டிங்கனில் இருக்கிறது.

இறந்து ரெண்டு வருஷத்தில், 1943-ல், கார்ல் வாக்னர் என்ற இன்னொரு ஜெர்மானியர் அந்தப் பழைய விளக்குச் செராமிக்கை எடுத்து, ஆக்ஸிஜன் அயனி அதற்குள் எப்படி நகருகிறது என்று விளக்கினார். யிட்ரியா கலக்கும்போது படிகத்தில் ஆக்ஸிஜன் இருக்கவேண்டிய சில இடங்கள் காலியாக நிற்கும், அந்தக் காலி இடம் வழியாக அயனி தாவித் தாவிப் போகும். சரி, இந்தச் செராமிக்கின் ஒரு பக்கம் வெளிக்காற்று, இன்னொரு பக்கம் எஞ்சின் புகை என்று வைத்தால்? ஒரே ஆக்ஸிஜன், ரெண்டு பக்கமும் வேற அடர்த்தி. 1889 ஃபார்முலா அப்படியே பொருந்தும். 1976-ல் பாஷ் கம்பெனி இதை லாம்டா சென்சர் என்று செய்து, வால்வோ கார்களில் முதலில் வந்தது. கலிஃபோர்னியாவின் புகைக் கட்டுப்பாட்டுச் சட்டம்தான் காரணம்.

கணக்கையும் போட்டுப் பார்ப்போம், கால்குலேட்டர் எடுங்க. சென்சர் முனை 900 கெல்வின் என்று வையுங்கள். ஒரு ஆக்ஸிஜன் மூலக்கூறுக்கு நாலு எலக்ட்ரான், அதனால் ஆர்டி-யை நாலு எஃப்-ஆல் வகுத்தால் சுமார் 0.0194 வோல்ட். காற்றில் ஆக்ஸிஜன் 0.21 பங்கு. கலவை லீனாக இருந்து புகையில் 0.01 பங்கு ஆக்ஸிஜன் மிஞ்சினால் விகிதம் 21, லாகரிதம் 3.04, வோல்டேஜ் 0.06. கலவை ரிச்சாக இருந்தால் சூடான பிளாட்டினம் பூச்சு மேல் மிச்ச ஆக்ஸிஜன் எல்லாம் எரிந்து, அளவு பத்தின் மைனஸ் 20 அடுக்கு மாதிரி இறங்கிவிடும். லாகரிதம் 44-க்கு மேல், வோல்டேஜ் 0.86. நடுவில் கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை, செங்குத்தாக எகிறும். ஈசியூ 0.45-ஐக் கோடாக வைத்து, கீழே இருந்தால் பெட்ரோலைக் கூட்டும், மேலே இருந்தால் குறைக்கும். வண்டி ஓடும்போது முன் சென்சரின் வோல்டேஜ் ஏறி இறங்கிக்கிட்டே இருப்பது இதனால்தான்.

தீக்குச்சிப் பிரச்சினையும் கூடவே வந்தது. குளிர்ந்த செராமிக் கடத்தாது இல்லையா? ஆரம்ப கால சென்சர்கள் புகைச் சூட்டில் சூடாகும் வரை சும்மா இருக்கும், அதுவரை ஈசியூ குத்துமதிப்பாகப் பெட்ரோல் விடும். அப்புறம் நெர்ன்ஸ்ட் விளக்கில் செய்தது போலவே உள்ளே ஒரு ஹீட்டர் வைத்தார்கள். அந்த ஹீட்டர் சர்க்யூட்டில் கோளாறு வந்தால் பி0135 என்ற கோடு வரும். அந்தக் கோடு வந்தால் ஃபியூஸும் வயரும் பார்த்துவிட்டு சென்சரை மாற்றலாம், நியாயம் உண்டு.

நம்ம பிக்கப்பில் வந்தது பி0171-ம் பி0174-ம். ரெண்டு பக்கத்துக்கும் தனித்தனி சென்சர். ரெண்டும் ஒரே நேரத்தில் கெட்டுப்போவது நடக்கக்கூடிய காரியம் இல்லை. ரெண்டு பக்கத்துக்கும் பொதுவான ஏதோ ஒன்றுதான் குற்றவாளி. ஒரு பக்கம் மட்டும் லீன் என்று வந்திருந்தால் கதை வேற. சென்சருக்கு முன்னால் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் விரிசல் இருக்கான்னு பார்க்கணும். புகை வெளியே போகிற ஓட்டை வழியாக வெளிக்காற்றும் உள்ளே இழுக்கப்படும், சென்சர் அந்த ஆக்ஸிஜனையும் சேர்த்து அளந்து லீன் என்று சொல்லும். அளவு சரி, ஆனா எஞ்சின் லீன் இல்லை.

அடுத்து ஃபியூல் டிரிம் பார்க்கணும். ஈசியூ எத்தனை சதவீதம் பெட்ரோலைக் கூட்டிக் கொடுக்குது என்கிற எண் அது. பூஜ்ஜியத்துக்குப் பக்கத்தில் இருந்தால் நல்லது. இந்த மாதிரி வண்டியில் ஐடிலிங்கில் பிளஸ் 20-க்கு மேல் காட்டும். ஆக்ஸிலேட்டரை மிதித்து 2500 ஆர்பிஎம்-ல் பிடித்தால் அது குறைந்து 5 பக்கம் வந்தால், ஏர் லீக். ஐடிலிங்கில் த்ராட்டில் மூடியிருக்கும், எஞ்சின் இழுக்கும் மொத்தக் காற்றே கொஞ்சம், அதில் ஓட்டை வழியாக அளக்கப்படாமல் வரும் காற்று பெரிய பங்கு. வேகம் கூடினால் மொத்தக் காற்று கூடும், ஓட்டையின் பங்கு சிறுத்துப்போகும். இதற்கு நேர்மாறாக லோடு கூடக் கூட டிரிம்மும் ஏறினால் பெட்ரோல் பம்ப் வீக், இல்லையென்றால் ஃபில்டர் அடைப்பு, அல்லது காற்றை அளக்கும் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சரில் அழுக்கு.

இந்த வண்டியில் குறைந்தது. பானெட்டைத் திறந்து, எஞ்சினுக்குப் பின்பக்கம் கையை விட்டால் பிசிவி ஹோஸின் ரப்பர் முழங்கை கிடைக்கும். இருபது வருஷத்துக்கு மேல் எஞ்சின் சூட்டில் வெந்த ரப்பர். கண்ணுக்குத் தெரியாத அடிப்பக்கத்தில் வெடித்திருக்கும், விரலால் தடவினால் மாவு மாதிரி உதிரும். சந்தேகம் இருந்தால் இன்டேக்கில் புகையை விட்டுப் பார்க்கலாம், ஓட்டை இருக்கிற இடத்தில் புகை கசியும். மாற்ற வேண்டியது அந்த ஒரு சின்ன ரப்பர் துண்டு மட்டும். சென்சரைத் தொட வேண்டாம். ஸ்கேனரில் கோடை அழிக்காவிட்டாலும் பரவாயில்லை, தொடர்ந்து மூணு டிரைவ் சைக்கிள் சோதனை பாஸ் ஆனால் அந்த மஞ்சள் விளக்கு தானாகவே அணையும்.